சீர் பிறழும் இதயமும் சீர்செய்யும் மருந்துகளும்

தமிழ் யாப்பிலே 'சீர்' என்னும் சொல் ஓர் உறுப்பைக் குறிக்கும். அசைகள் இணைந்து சீராகின்றன. சீர்கள் தளைகொண்டு அடியாகின்றன. அதே சொல் ஒழுங்கு, அளவு, செம்மை என்னும் பொருள்களையும் உடையது. 'உடம்பு சீராக இல்லை' என்று பேச்சு வழக்கிலும் ஆள்கிறோம். மருத்துவர்கள் 'ரிதம்' என்று வழங்குவதனை நாம் ஈண்டு 'சீர்' என்றே குறிக்க விழைகின்றோம். 'தாளம்', 'இலயம்' என்னும் சொற்களும் பொருந்துவனவே எனினும், ஓசையோடு ஒழுங்கையும் ஒருசேர உணர்த்துவது சீர் என்னும் சொல்லே ஆகும்.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரை எதற்கு என்று வினவுவாரும் உளர். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழிலேயே நூல்களும் வெளியிட்டார். அவ்வழி தொடர்ந்து நடைபெற்றிருந்தால் இவ்வினாவுக்கே இடமிருந்திராது. நம் இல்லங்களில் முதியோர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் உள்ளே சென்று செய்யும் வேலை யாது என்பதனைத் தமிழில் விளக்குவது தமிழ் கற்பிப்போரின் கடமைகளுள் ஒன்று என்பது எம் கருத்து.

நாடியின் சீரை நோக்கி நோயறியும் முறை பழமையானது. நம் சித்த மருத்துவர் வாத நாடியை அன்னம், கோழி, மயில் ஆகியவற்றின் நடைக்கும், பித்த நாடியை ஆமை, அட்டை ஆகியவற்றின் நடைக்கும், ஐய நாடியைத் தவளை, பாம்பு ஆகியவற்றின் செலவுக்கும் ஒப்பிட்டனர். புகாராவுக்கு அருகில் பிறந்த அறிஞர் இப்னு சீனா (980-1037) தம் மருத்துவப் பெருநூலில் நாடிக்கும் இசைக்கும் உள்ள உறவை ஆராய்ந்துள்ளார். மான் நாடி, எறும்பு நாடி, எலிவால் நாடி என்றெல்லாம் அவர் நூலிலும் பெயர்கள் வருகின்றன. இதயத்திற்குரிய மருந்துகளைப் பற்றி மட்டும் தனியே ஒரு நூலும் அவர் யாத்தார். தொலைவான இரு மரபுகளும் நாடியை விலங்கின் நடையாகக் கண்டமை எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் நாடி ஏன் பிறழ்கிறது என்பதற்கு விடை காண மின்னியல் அறிவு வளரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதயத்தின் மின்னோட்டம்

இதயத்தின் வலது மேலறையில், பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில், சைனஸ் கணு என்னும் சிறு தசைத்துணுக்கு உள்ளது. கீத், ஃபிளாக் என்னும் இருவர் 1907இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். பிறர் ஏவல் இன்றித் தானே மின்துடிப்பை எழுப்பவல்லது இது. ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அத்துடிப்பு எழுகின்றது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே அமைந்த ஏ.வி. கணுவை அடைகின்றது. ஜப்பானியரான தவாரா 1906இல் விளக்கிய இக்கணு, வந்த துடிப்பைச் சற்றே தடுத்து, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவு தாழ்த்தி அனுப்புகின்றது. அத்தாழ்ச்சியே மேலறையின் குருதி கீழறையை நிரப்புவதற்குக் கிடைக்கும் இடைவெளி. கடந்த பின்னர் மின்துடிப்பு விரைநார்கள் வழியே கீழறைகள் முழுதும் பாய்கின்றது, கீழறைகள் சுருங்குகின்றன, மணிக்கட்டில் நாடி எழுகின்றது.

ஒவ்வோர் இதயத் தசையணுவும் சிறியதொரு மின்கலம் போன்றது. ஓய்விலிருக்கும்போது அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 90 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் தன்மை உடையதாய் இருக்கும். துடிப்பு வந்து தீண்டியதும் அணுச்சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உட்புகுகின்றன; மின்னழுத்தம் நொடிப்பொழுதில் ஏறுகின்றது. அடுத்துக் கால்சியம் புகுந்து தசையைச் சுருங்கச் செய்கின்றது. இறுதியில் பொட்டாசியம் வெளியேறி அணுவைப் பழைய நிலைக்கு மீட்கின்றது. இம்மீட்சி முடியும் வரை அணு வேறெந்தத் தூண்டலுக்கும் இசையாது. இந்த 'இசையாக் காலத்தை' வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்வரும் செய்திகள் பலவற்றிற்கும் இதுவே திறவுகோல்.

பிறழ்ச்சி எவ்வாறு நேர்கின்றது?

சீர் பிறழ்வதற்கு வழிகள் மூன்று. சைனஸ் கணுவுக்கு உரிய வேலையை வேறோரிடத்து அணுக்கள் தாமே மேற்கொண்டு துடிப்பது ஒன்று. ஒரு துடிப்பு முடிந்து அடங்குமுன் அதன் வாலிலிருந்தே மற்றொன்று கிளைப்பது மற்றொன்று. மூன்றாவதாகிய சுழல் மின்னோட்டமே பெரும்பான்மையான நோயாளரிடம் காணப்படுவது.

இச்சுழற்சியை விளக்க உதவியது ஒரு கடற்பிராணி என்பது வியப்புக்குரியது. மேயர் என்னும் அமெரிக்கர் 1906இல் சொறிமீனின் உடலிலிருந்து வளையம் போன்ற பகுதியை வெட்டியெடுத்து, அதில் ஒரு துடிப்பை ஒருதிசையில் மட்டும் செல்லுமாறு ஏவிவிட்டார். அத்துடிப்பு வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருந்தது. 1913இல் மைன்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதயத் தசை வளையத்திலும் இதுவே நிகழக்கூடும் என்று காட்டினார். மாரடைப்பால் தழும்பேறிய தசையைச் சுற்றியோ, பிறவியிலேயே அமைந்துவிட்ட உபரி மின்பாதை வழியாகவோ இத்தகைய வளையம் அமைந்துவிடுமானால், ஒரே துடிப்பு நிமிடத்திற்கு 150, 200 முறை சுழன்று இதயத்தை ஓட ஓட விரட்டும்.

இவ்வோட்டத்தைத் தலையும் வாலும் உடைய பாம்பாகக் கருதிப் பார்க்கலாம். தலை முன்னேறும் துடிப்பு. வால் இன்னும் மீளாத, இசையாத தசை. வளையத்தில் தலைக்கும் வாலுக்கும் இடையே மீண்டெழுந்த தசை சிறிதேனும் இருந்தால்தான் தலை மேற்செல்ல முடியும். ஆகவே மருந்து இரு வழிகளில் வேலை செய்யலாம். இசையாக் காலத்தை நீட்டி வாலை நீளச் செய்தால், தலை வாலின்மீது மோதி ஓட்டம் நின்றுவிடும். அல்லது, மின்னோட்டத்தின் வேகத்தைத் தணித்து, வளையத்தின் நலிந்த பகுதியில் துடிப்பைக் கடக்கவொட்டாமல் அவித்துவிடலாம். இரண்டாவது வழியில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அவிக்காமல் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டால், தலை மெதுவாக வருவதற்குள் முன்னுள்ள தசை நன்கு மீண்டுவிடும். சுழற்சி நிற்பதற்கு மாறாக நிலைபெற்றுவிடும். சீர்செய்ய வந்த மருந்தே சீரைக் கெடுக்கவும் வல்லது என்னும் முரண் இங்கேதான் பிறக்கின்றது.

வணிகர் கற்பித்த பாடம்

இதய மருத்துவர் வென்கெபாக்கிடம் 1912இல் டச்சு வணிகர் ஒருவர் வந்தார். அவருக்கு மேலறை நடுக்கம் என்னும் நோய். நாடி ஒழுங்கின்றித் துடித்தது. இதனைத் தம்மால் குணப்படுத்த இயலாது என்று மருத்துவர் கூற, வணிகரோ தமக்கு அதற்கு வழி தெரியும் என்றார். மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார். மலேரியா மிகுந்த கீழைநாடுகளில் வாழ்ந்தபோது குயினைன் உட்கொண்டு பழகியவர் அவர். ஒரு கிராம் குயினைன் தம் நெஞ்சின் படபடப்பை அடக்குவதைத் தாமாகவே கண்டறிந்திருந்தார். நோயாளியிடம் கற்றதை வென்கெபாக் மறைக்கவில்லை. 1914இல் தம் நூலில் எழுதிவைத்தார். 1918இல் ஃப்ரை என்பார் சிங்கோனாப் பட்டையின் சத்துகளை ஒப்பிட்டு, குயினைனின் உடன்பிறப்பாகிய குயினிடினே இதற்கு மிக உகந்தது என நிறுவினார். அது சோடியம் வாயிலை அடைப்பது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இச்சிங்கோனா மரத்தை நீலகிரியில் 1860களில் ஆங்கில அரசு பயிரிட்டதும், நடுவட்டத்தில் குயினைன் ஆலை இயங்கியதும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

இதனினும் பழையது நரிக்கையுறைச் செடி என்று ஆங்கிலேயர் வழங்கும் டிஜிட்டாலிஸ். உடல் வீக்கத்திற்குக் கிராமத்து மூதாட்டி ஒருவர் கொடுத்துவந்த பலமூலிகை மருந்தை 1775இல் கேள்வியுற்ற வில்லியம் விதரிங், அதனுள் வேலை செய்வது இச்செடி ஒன்றே என உய்த்துணர்ந்தார். பத்தாண்டுகள் ஆராய்ந்து 1785இல் நூல் வெளியிட்டார். இன்று வழங்கும் டிகாக்சின் இவ்வினச் செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டது. இது மேலறை நடுக்கத்தை நிறுத்துவதில்லை; ஏ.வி. கணுவில் காவலைப் பெருக்கி, கீழறைக்குச் செல்லும் துடிப்புகளைக் குறைக்கின்றது.

டிகாக்சினில் நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. எம் தெருவில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு வந்தார். ஒரு கோடையில் அவருக்கு உணவு வெறுத்தது, குமட்டியது, விளக்கொளியெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பித்தம் என்று கருதி வீட்டார் எலுமிச்சைச் சாறும் இஞ்சியும் கொடுத்துவந்தனர். பார்வை மஞ்சளாதலைக் கேட்டவுடனே இளம் மருத்துவர் ஒருவர் உண்மையை உணர்ந்தார். வீக்கத்திற்காகப் புதிதாகக் கொடுக்கப்பட்ட சிறுநீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றிவிட, பழைய அளவு டிகாக்சினே நஞ்சாகிவிட்டிருந்தது. மருந்தை நிறுத்தி, பொட்டாசியத்தை ஈடுசெய்தபின் பெரியவர் தேறினார்.

நால்வகைப் பாகுபாடு

ஆக்சுபோர்டில் வாகன் வில்லியம்சு 1970இல் வகுத்து, பின்னர் விரிவாக்கப்பெற்ற பாகுபாடு மருத்துவ மாணவர்க்கு நம் எழுத்து, சொல், பொருள் போன்றது. சோடியம் வாயிலை அடைப்பன முதல் வகை. குயினிடின், ஃபிளெகைனைடு ஆகியவை இதில் அடங்கும். பல் மருத்துவர் ஈற்றில் ஊசியாகச் செலுத்தும் லிடோகைனும் இவ்வகையே. அட்ரினலின் சுரப்பின் ஏவலை இதயம் ஏற்காதவாறு தடுப்பன இரண்டாம் வகை. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரொப்ரனோலால் இதன் முன்னோடி. அவருக்கு 1988இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பொட்டாசியம் வெளியேறுவதைத் தாழ்த்தி இசையாக் காலத்தை நீட்டுவன மூன்றாம் வகை. கால்சியம் வாயிலை அடைத்து ஏ.வி. கணுவை மந்தமாக்கும் வெராபமில், டில்டியாசெம் ஆகியன நான்காம் வகை.

எப்பாகுபாட்டுக்கும் புறநடை உண்டென்பது இலக்கணம் கற்றோர் அறிந்ததே. டிகாக்சின் இந்நான்கினுள்ளும் அடங்காது, அடினோசினும் அடங்காது. அடினோசின் நம் உடலிலேயே உள்ள பொருள். அதன் இதயச் செயலை டுரூரி, செண்ட் ஜியார்ஜி ஆகிய இருவர் 1929இல் கண்டனர். ஏ.வி. கணுவைத் தன் பாதையாகக் கொண்டு சுழலும் விரைதுடிப்பு உடையவர்க்கு இதனைச் சிரையில் விரைந்து செலுத்துவர். சில நொடிகளுக்கு ஈ.சி.ஜி. தாளில் வெறுங்கோடு மட்டும் ஓடும். நோயாளி நெஞ்சில் பாறை வைத்தாற்போல் உணர்வார். உடன் நிற்கும் உறவினர் அஞ்சுவர். பின்னர்ச் சைனஸ் கணு மீண்டும் பொறுப்பேற்கும். குருதியில் அம்மருந்தின் அரைவாழ்வு பத்து நொடிக்கும் குறைவு. வந்த வேலையை முடித்து உடனே மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது அமியோடரோன். எகிப்தில் கெல்லா என்னும் செடியின் விதையைச் சிறுநீர்க்கல்லுக்குத் தொன்றுதொட்டு வழங்கிவந்தனர். 1940களில் கெய்ரோவில் பணியாற்றிய அன்ரெப் என்னும் உடலியலாளர், கெல்லா உண்ட தம் ஆய்வகப் பணியாளர் ஒருவருக்கு நெஞ்சுவலி தணிந்ததைக் கவனித்தார். அச்செடியின் சத்தைப் பின்பற்றி 1961இல் பெல்ஜியத்தில் செய்யப்பட்டதே அமியோடரோன். நெஞ்சுவலி மருந்தாக வந்த அதன் சீர்செய்யும் ஆற்றலை வாகன் வில்லியம்சும் அவர் மாணவர் பிரமா சிங்கும் 1970இல் விலங்குகளில் காட்டினர். அர்ச்சென்டினாவின் ரோசன்பாம் 1970களில் நோயாளரிடம் அதனைப் பரவலாகப் பயன்படுத்தி உலகின் கவனத்தை ஈர்த்தார்.

மூன்றாம் வகையில் வைக்கப்பெறினும் நால்வகைச் செயலும் உடையது இது. கொழுப்பில் தோய்ந்து உடலெங்கும் தங்கிவிடுவதால் நிறுத்திய பின்னும் வாரங்கள், மாதங்கள் வரை இதன் வேலை தொடரும். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் உள்ளது. உடலுக்கு நாளொன்றுக்கு வேண்டுவதோ 150 மைக்ரோகிராம் மட்டுமே. மாத்திரையிலுள்ள அயோடின் முழுதும் விடுபடுவதில்லை எனினும், விடுபடும் சிறுபங்கே தைராய்டு சுரப்பியைத் தடுமாறச் செய்யப் போதுமானது. நுரையீரலில் தழும்பு, கல்லீரல் கேடு, வெயில்பட்ட தோல் நீலம்பாய்தல் ஆகியனவும் நேரலாம். எனவே இம்மருந்து உண்போர்க்கு ஆறு திங்களுக்கொரு முறையேனும் தைராய்டு, கல்லீரல் ஆய்வுகள் வேண்டும். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ தோன்றினால் சளி என்று தள்ளாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நம்பிக்கை பொய்த்த ஆய்வு

மருத்துவ வரலாற்றில் மாணவர் அனைவரும், எத்துறையினராயினும், அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்க்குக் கீழறையில் இடையிடையே மிகைத்துடிப்புகள் தோன்றும். அவை மிகுந்தவர் திடீரென இறப்பதும் மிகுதி. ஆகவே மிகைத்துடிப்பை அடக்கினால் இறப்பும் குறையும் என்று 1980களில் மருத்துவ உலகம் நம்பியது. தருக்கத்தில் குறை காண இயலாத நம்பிக்கை! என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய முதல்வகை மருந்துகள் மிகைத்துடிப்பை வியக்கத்தக்க வகையில் துடைத்தெறிந்தன. ஈ.சி.ஜி. தாள் தூய்மையாயிற்று, மருத்துவரும் நோயாளியும் மகிழ்ந்தனர்.

அமெரிக்க அரசின் ஆதரவுடன் 'காஸ்ட்' என்னும் ஆய்வு இதனைச் சோதித்தது. மருந்தால் மிகைத்துடிப்பு அடங்கியவரை மட்டுமே தேர்ந்து, ஒரு சாரார்க்கு மருந்தும் மறு சாரார்க்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் அளித்தனர். யார்க்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. 1989இல் இம்மருந்துகள் இரண்டையும் ஆய்விலிருந்து இடையிலேயே நீக்க வேண்டியதாயிற்று. 1991இல் வெளிவந்த முழுக் கணக்கின்படி, சராசரியாகப் பத்துத் திங்களில், மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேர்.

முன்னர்க் கூறிய பாம்பை இங்கு நினைவுகூர வேண்டும். குருதியோட்டம் குன்றிய, தழும்பேறிய தசையில் இம்மருந்துகள் மின்னோட்டத்தை மந்தமாக்கிச் சுழல் வளையங்களுக்கு வழிவகுத்தன என்றே அறிஞர் இதனை விளக்குவர். தாளில் தெரிந்த கோடு நேராயிற்று. நோயாளியின் வாழ்நாளோ குறைந்தது. தேர்வு மதிப்பெண்ணையே கல்வியெனக் கொள்ளும் நம் வழக்கம் இவ்விடத்தில் எமக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. என்கைனைடு பின்னர் விற்பனையிலிருந்து மறைந்தது. ஃபிளெகைனைடு இன்றும் உண்டு; மாரடைப்போ இதயத் தளர்ச்சியோ இல்லாதவர்க்கு, பெரும்பாலும் மேலறைப் பிறழ்ச்சிக்கு அதனைத் தருகின்றனர். மாரடைப்புக்குப் பின் உயிர்காப்பதாக மெய்ப்பிக்கப்பட்டது, ஈ.சி.ஜி. கோட்டை அவ்வளவு தூய்மையாக்காத இரண்டாம் வகை மருந்தே.

மூன்றாம் வகைக்கும் அதற்குரிய இடர் உண்டு. இசையாக் காலத்தை அளவின்றி நீட்டினால், மீட்சியின் இடையே புதுத்துடிப்பு கிளைத்து, கீழறை முறுக்கிய நாடா போன்ற அலைகளாகத் துடிக்கத் தொடங்கும். நோயாளி மயங்கி வீழ்வார். இதய மருந்துகள் மட்டுமின்றி, எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் குளோரோகுயினும் இந்நீட்சியைச் சிறிதளவு செய்பவை. 2020இல் கொரோனாக் காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்த்து வழங்கப்பட்டபோது மருத்துவர்கள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததன் காரணம் இதுவே. சோட்டலால் அல்லது அமியோடரோன் உண்பவர், காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரை இதனோடு சேரலாமா என்பதை மருத்துவரிடம் வினவியே ஆகவேண்டும்.

மேலறை நடுக்கம்

முதியோரிடம் மிகுதியும் காணப்படும் பிறழ்ச்சி இது. மேலறை சுருங்காமல் நடுங்குவதால் அதன் மூலையில் குருதி தேங்கி உறையும். அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். சீரை மீட்டுத் தருவதா, பிறழ்ந்த சீரோடு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. 4060 நோயாளரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியான ஆய்வு, மருந்தால் சீரை மீட்பது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்றது. நோய் கண்ட ஓராண்டுக்குள்ளேயே சீரை மீட்கத் தொடங்கினால் நன்மை உண்டு என்று 2020இல் மற்றோர் ஆய்வு காட்டியது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

முடிந்த வழக்கு ஒன்று உண்டு. எவ்வழியைத் தேர்ந்தாலும், பக்கவாத வாய்ப்புடையவர் குருதி உறையாமல் காக்கும் மருந்தைக் கைவிடலாகாது. படபடப்பு நின்றதும் இதனை நிறுத்திவிடுவோரை நாம் பலகாலும் காண்கிறோம். நம் நாட்டில் மூட்டுக்காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர் பலர். அவர்க்குப் புதிய மருந்துகளைவிடப் பழைய வார்ஃபரின் வகையே மேலானது என 2022இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. வார்ஃபரின் வைட்டமின் கே என்னும் சத்துக்கு எதிராக வேலை செய்வது. கீரையில் அச்சத்து மிகுதி. அதனால் கீரையை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. ஒருநாள் மிகுதியாகவும் பல நாள் இல்லாமலும் உண்ணாது, ஏறக்குறைய ஒரே அளவில் உண்டுவர வேண்டும் என்பதே மருத்துவர் கூற்று.

நோன்பு மாதத்தில் மாத்திரை வேளைகளைத் தாமே மாற்றிக்கொள்ளும் பெரியோர்க்கும் ஒரு சொல். மூன்று வேளை மருந்தை இரு வேளையாக்கி ஒருங்கே விழுங்குவதும், கோடையில் நீர்ச்சத்தும் பொட்டாசியமும் குன்றிய நிலையில் டிகாக்சினையோ சோட்டலாலையோ தொடர்வதும் இடர் தருவன. மாதம் பிறக்குமுன்னரே மருத்துவரைக் கண்டால், ஒருநாளைக்கு ஒருமுறை உட்கொள்ளும் வடிவத்திற்கு மாற்றித்தர இயலுமா எனப் பார்ப்பார். இயலாதவர்க்கு நோன்பு வேண்டாம் என்பார். பிணியாளர்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை யாவரும் அறிந்ததே.

மருந்தால் அடங்காத சுழற்சிக்கு இன்று வேறு வழிகளும் உள. தொடைச்சிரை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சுழல் பாதையைச் சுட்டு அறுத்துவிடுகின்றனர். மேலறை நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரற் சிரைகளின் வாயில் எழுகின்றன என்று பிரான்சின் ஐசாகெர் குழுவினர் 1998இல் கண்டபின் அந்நோய்க்கும் இம்முறை பரவியது. கீழறை நடுக்கத்தை உள்ளிருந்தே மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவி 1980இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலில் பொருத்தப்பட்டது. ஆயினும் அக்கருவி உடையவர் பலர் அமியோடரோனையும் உட்கொண்டே வருகின்றனர். கருவி உயிரைக் காக்கும். அதன் அதிர்ச்சியோ நெஞ்சில் உதைத்தாற்போல் வலிக்கும். அது அடிக்கடி நேராமல் காப்பது இன்றும் மருந்தின் வேலையாகவே உள்ளது.